ஆனி மாதத்துக் கிறிஸ்மஸ்

“மொதல்ல நெத்தியப் பாருங்க. மூஞ்சியப் பொறவு பாக்கலாம்.”

வீட்டுக்கு வந்தவர் கையில் ஒரு காலண்டர் அட்டையைத் திணித்துவிட்டு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார் எவாஞ்சலின் டீச்சர். அட்டையில் ஒரு குடும்பம் கிறிஸ்மஸ் கொண்டாடுகிறது. மேலே வால் நட்சத்திரம் தொங்குகிறது. சவுக்குக் கிளையில் பஞ்சைப் பிய்த்து ஒட்டிப் பனி பெய்ய வைத்திருக்கிறார்கள். கோட்டு போட்ட அப்பா, பட்டுச்சேலை கட்டிய அம்மா, கழுத்துவரை ஸ்வெட்டர் மாட்டிய பையன். மூன்று பேர் நெற்றியும் எண்ணெய் தேய்த்த மாதிரி மின்னுகிறது.

“வேர்த்து ஊத்துதுல்ல? டிசம்பர் மாசத்துல யாருக்காவது இப்படி ஊத்துமா?”

ஏன் என்று வந்தவர் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் டீச்சர் சொல்லத்தான் போகிறார். கேட்டால் தட்டில் இன்னும் ஒரு முறுக்கு விழும், அவ்வளவுதான் வித்தியாசம்.

விஷயம் இதுதான். அவர் கணவர் ஜெயசுந்தர் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் ஆர்டர் பிடிக்கிற வேலையில் இருந்தவர். ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியிட்டால்தான் அங்கே சீசன் தொடங்கும். அதற்கான படங்கள் ஆனியிலேயே மெஷினில் ஏறிவிடும். பெரிய ஷீட்டில் சாமி படங்களையும் குழந்தைப் படங்களையும் அடுக்கியது போக ஓரத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சும். வெறும் பேப்பராக வெட்டிப் போடுவதற்கு உம்ம குடும்பம் இருந்துவிட்டுப் போகட்டுமே ஜெயசுந்தரு என்று முதலாளி காசிராஜன் ஒரு வருடம் சொன்னார். அன்றைக்குப் பிடித்த வழக்கம். ஆடிப் பதினெட்டு கழிந்துவிட்டால் கடைக்காரப் பார்ட்டிகளின் ஆர்டர் வந்து குவியும், ஓரம் சாரம் எதுவும் மிஞ்சாது. ஆகவே கிறிஸ்மஸ் போட்டோவை ஆனியில் எடுத்தாக வேண்டும். முருகனுக்கும் லட்சுமிக்கும் பக்கத்தில் அச்சாகி, வெட்டுப்பட்டு, தேதித்தாள் சேர்த்து, கார்த்திகையில் கட்டாக வீடு வந்து சேரும். சொந்தக்காரர், சபையார் எல்லார் வீட்டுச் சுவரிலும் ஜெயசுந்தர் குடும்பம் ஒரு வருடம் தொங்கும்.

அந்த வட்டாரத்து ஆட்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எந்தப் பண்டிகையும் அங்கே அதன் நாளில் தொடங்குவதில்லை. நாரணாபுரத்துப் பட்டாசு ஆலைகள் பக்கம் போனால் சித்திரை வெயிலில் தீபாவளி மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். ஊர் உலகமெல்லாம் வெடி போடுகிற அன்றைக்கு இவர்கள் கை ஓய்ந்து தூங்குவார்கள். அப்படிப்பட்ட ஊரில் கிறிஸ்மஸ் மட்டும் நாள் பார்த்தா வரும்?

வருடம் முடிந்து தாளெல்லாம் கிழிந்து தீர்ந்ததும் ஊரார் தூக்கி எறிகிற அட்டையை டீச்சர் எறிவதில்லை. ஒரு சாக்குப்பையில் போட்டுப் பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அவர் வீட்டில் ஆல்பம் என்றால் அதுதான். ஒவ்வொன்றாக உருவி எடுத்து ஒவ்வொன்றுக்கும் கதை சொல்வார். ஒன்றில் ஆனிக் காற்று அடித்து நட்சத்திரத்தின் வால் ஜெயசுந்தரின் வாய்க்குள் போயிருக்கிறது. ஒன்றில் கைக்குழந்தை காலேப், கழுத்தெல்லாம் வேர்க்குருவோடு, கிறிஸ்மஸ் தாத்தா தொப்பியைப் பிய்த்தெறியப் பார்க்கிறான். ஆனியில் எந்த பேக்கரியிலும் பிளம் கேக் கிடைக்காது என்று மேஜையில் மாம்பழத்தை அடுக்கிய வருடமும் உண்டு. அந்தக் காலண்டர் போய்ச் சேர்ந்ததும் சென்னையிலிருந்து நாத்தனார் போன் போட்டு, “கிறிஸ்மஸுக்கு மாம்பளம் எங்கன மைனி கெடச்சிச்சு?” என்று கேட்டாராம். சபைப் போதகர் ஐயர் அதற்கும் மேலே. டீச்சர் வீட்டில் மட்டும் பாலன் இயேசு குறைமாதத்தில் பிறக்கிறார் என்று பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். டீச்சர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரித்துக்கொண்டே பையின் வாயைச் சுற்றிக் கட்டுவார். “அம்புட்டுத்தான்” என்பார்.

அம்புட்டு இல்லை. பைக்கு அடியில் இன்னும் ஒன்று இருக்கிறது. அதை அவர் எடுப்பதில்லை.

விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் டீச்சர். மூடநம்பிக்கை என்று எதைக் கண்டாலும் விடமாட்டார். பக்கத்து வீட்டுப் பத்திரகாளி ராகுகாலம் பார்க்காமல் வாசல்படி தாண்டமாட்டாள் என்று அவளைப் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. பத்திரகாளியும் லேசுப்பட்டவள் இல்லை. “நீங்க மட்டும் என்னவாம் டீச்சர்? ஊரெல்லாம் மாசம் பொறந்ததும் ஸ்டாரு கட்டுது. நீங்க இருவத்திநாலாந்தேதி சாயங்காலந்தான கடைக்கே போறீக?” என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள். கடைசி நாளில் கூட்டம் குறைவாக இருக்கும் என்று டீச்சர் சமாளித்தார். அன்றைக்குத்தான் கூட்டம் கழுத்தைப் பிடிக்கும் என்பது பத்திரகாளிக்குத் தெரியாதா என்ன. அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

உள்ளபடியே டீச்சர் எதையும் முந்திச் செய்வதில்லை. புதுச்சேலை எடுத்தால் பண்டிகைக்கு முந்தின நாள்தான் எடுப்பார். ஊருக்குப் போக முன்கூட்டி டிக்கெட் போடமாட்டார். போனுக்கு மாதம் முடிய முடியத்தான் பணம் கட்டுவார். பால்காரர் நாளைக்கு ஒரு பாக்கெட் கூடப் போடவா என்று கேட்டால், “தேவசித்தமானா போடுங்க” என்பார். பால் பாக்கெட்டுக்குமா தேவசித்தம் என்று அவர் முழிப்பார்.

எட்டு வருடத்துக்கு முன்னால் இப்படியெல்லாம் இல்லை. அந்த வருடமும் ஆனியில் போட்டோ எடுத்தார்கள். ஜெயசுந்தர் கோட்டு போட்டு, பவுடரை அப்பிக்கொண்டு, பல் தெரியச் சிரித்தார். ஐப்பசியில் கம்பெனியில் மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போனவர் குழாயடியிலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேலை வைக்கவில்லை. கார்த்திகையில் காசிராஜன் காரை வாசலில் நிறுத்தி, காலண்டர் கட்டைத் தானே தூக்கி வந்து நடையில் நின்றார். உள்ளே வரவில்லை.

“அடிச்சிட்டோம் டீச்சர். குடுக்கவா, கிளிச்சுப் போட்றவா? நீங்க என்ன சொல்றீகளோ அதான்” என்றார்.

டீச்சர் கை நீட்டி வாங்கிக்கொண்டார். வழக்கம்போல எல்லார் வீட்டுக்கும் கொடுத்தார். ஜெயசுந்தர் இல்லாத கிறிஸ்மஸில் அவர்தான் வீடுவீடாக நட்சத்திரத்துக்குக் கீழே சிரித்துக்கொண்டு நின்றார். சபைக் கோவில் வாசலில் ஒரு சொந்தக்காரி, வராத திருநாளுக்கு முந்தி உடுத்தி நின்றால் இப்படித்தான் ஆகும் என்று டீச்சர் காதுபடவே சொன்னாள். வேதத்தில் எந்த அதிகாரத்தில் அப்படி எழுதியிருக்கிறது என்று டீச்சர் திருப்பிக் கேட்டு, அவள் வாயை அடைத்தார். அவள் வாயை அடைத்தாரே தவிர, சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த ஆனி வந்தது, போட்டோ எடுக்கவில்லை. அதற்கடுத்த ஆனியும் அப்படியே போயிற்று.

மகன் காலேப் இப்போது மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். டிசம்பரில் அவனுக்கு லீவு கிடைப்பதே இல்லை. ஆனியிலோ ஆடியிலோதான் ஊருக்கு வருவான். வந்து, தின்று, தூங்கி, போய்விடுவான். போட்டோவைப் பற்றி அவனாகக் கேட்டதில்லை. இந்த வருடம் பெண்டாட்டியோடு வந்தான். பெர்சிஸ் ஆலங்குளத்துக்காரி. அப்பா சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர். இவளும் நர்ஸ்தான், அதே ஆஸ்பத்திரி. மனதில் பட்டதை மறைக்கத் தெரியாத பெண். வந்த மறுநாளே சாக்குப்பையைத் தானே இழுத்துத் தரையில் கொட்டினாள். மாம்பழ அட்டையைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்த கையோடு அடியில் கிடந்ததையும் எடுத்தாள்.

டீச்சர் முகம் போன போக்கைப் பார்த்து அவள் சிரிப்பு நின்றது.

“இதுக்குப் பொறவு எடுக்கவே இல்லையா அத்தை?”

“எடுக்கல.”

“நாந்தான் வந்திருக்கேன்ல. எடுப்போமே. இம்புட்டு அட்டையில நான் ஒண்ணுலகூட இல்ல.”

டிசம்பரில் எடுத்துக்கொள்ளலாம் என்றார் டீச்சர். வாசல்படியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்த காலேப் தலையைத் தூக்கினான். காசிராஜன் அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டதாகவும், ஷீட்டில் இடம் இருக்கிறது, ஆனி முடிவதற்குள் படத்தைக் கொடு என்று அவர் சொன்னதாகவும் சொன்னான். டீச்சர் அட்டைகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டார்.

“டிசம்பர்ல நான் எங்கம்மா இருப்பேன்? வார்டுலதான் நிப்பேன்” என்றான் காலேப். “அப்பா போனதுல இருந்து எனக்கு டிசம்பர்ல கிறிஸ்மஸ் கெடையாது. இங்கன வந்துட்டுப் போற இந்த ஆனிதான் எனக்குக் கிறிஸ்மஸ். அதையும் இல்லன்னுட்டீகளே.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் டீச்சர் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பார். பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“ஒன்ன நிக்க வச்சி எடுத்து, அச்சடிச்சி வாங்கி வச்சிக்கிட்டு, அந்தக் கிறிஸ்மஸ் வரும்போது நீ இல்லன்னா நான் என்னல செய்வேன்? ஒருதடவ பாத்துட்டேன். இன்னொரு தடவ என்னால ஏலாது.”

எத்தனை வருடம் உள்ளே கிடந்ததோ, அது வெளியே வந்துவிட்டது. பெர்சிஸ் கடைசி அட்டையை மடியில் வைத்திருந்தாள்.

“இந்தப் போட்டோவ எடுக்காம இருந்திருந்தா மாமா இருந்திருப்பாகளா அத்தை? இந்த அட்டையும் இல்லாமப் போயிருக்கும். அம்புட்டுத்தான” என்றாள்.

மாமியாரிடம் புதுப்பெண் பேசுகிற பேச்சா இது என்று காலேப் திகிலோடு அம்மாவைப் பார்த்தான். டீச்சர் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார். அரிசி களைகிற சத்தம் கேட்டது. ஏற்கெனவே உலை வைத்துச் சோறு வடித்தாகிவிட்ட வீட்டில் எதற்கு மறுபடியும் அரிசி களைகிறார் என்று கேட்கிற தைரியம் இருவருக்கும் இல்லை.

அரிசியைக் களைந்துகொண்டே டீச்சர் ஜெயசுந்தர் போன மறுவருடத்தைத்தான் நினைத்தார். அந்தக் கடைசி அட்டையை அடுக்களை வாசல் நிலையில் மாட்டியிருந்தார். விடிந்ததும் அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்னால் கணவர் படத்துக்குக் கீழே நேற்றைய தாளைக் கிழிப்பார். தாளில் இருக்கிற வசனத்தை அவருக்குக் கேட்கிற மாதிரி வாசிப்பார். சர்க்கரை விலை ஏறிவிட்டது, காலேப் போன் பண்ணினான், பத்திரகாளி சண்டை போட்டாள் என்று எல்லாவற்றையும் அங்கே நின்றுதான் சொன்னார். கட்டில் இருக்கிற தாள் குறையக் குறையப் பயம் வந்தது. மார்கழியில் இரண்டு தாளைக் கிழிக்காமலே விட்டுவைத்தார். தாலி கட்டியவனோடு இன்னும் ஒரு வருடம் குடித்தனம் நடத்தியது அந்த அட்டையால்தான். அந்த அட்டையைப் போய்ப் பைக்கு அடியில் போட்டு அமுக்கி வைத்திருக்கிறோமே என்று டீச்சருக்கு அழுகை வந்தது. பைப்பைத் திறந்துவிட்டு அழுது முடித்தார்.

முந்தானையில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

“ஸ்டுடியோ செல்லச்சாமிக்குப் போனப் போடு. ஞாயித்துக்கெளம ஆராதன முடிஞ்சி வரச் சொல்லு” என்றார். காலேப் போனை எடுக்கும்போது, தேவசித்தமானால் என்று சேர்த்துக்கொள்ள வாயைத் திறந்தவர், சொல்லாமல் விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோக்காரர் செல்லச்சாமி கேமராவோடு வந்தார். பரணில் கிடந்த நட்சத்திரத்துக்குப் பெர்சிஸ் புது வால் ஒட்டியிருந்தாள். பஞ்சுக்குப் பஞ்சமில்லை, வீட்டில் இரண்டு நர்ஸ்கள். பத்திரகாளி மதிலுக்கு மேலே தலையை நீட்டி, வெயிலில் இது என்ன கூத்து என்று வேடிக்கை பார்த்தாள். டீச்சர் நடுவில், பெர்சிஸ் ஒரு பக்கம், காலேப் ஒரு பக்கம். கொஞ்சம் சிரியுங்கள் டீச்சர் என்று செல்லச்சாமி கெஞ்சினார். டீச்சர் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். நாலைந்து தடவை பளிச்சிட்டது.

“ஆச்சு டீச்சர். அருமையா வந்திருக்கு.”

பெர்சிஸ் படத்தைப் பார்க்கக் கேமராவிடம் ஓடினாள். காலேப்பும் ஒரு அடி எடுத்து வைத்தான். சட்டை வரவில்லை. முதுகுப் பக்கம், கேமராவுக்குத் தெரியாத இடத்தில், அம்மா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். செல்லச்சாமி கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். டீச்சர் இன்னும் சிரித்த முகமாகத்தான் நின்றார். பிடித்த கையை மட்டும் எடுக்கவில்லை.