ஏலக்காய் மோந்து எழுந்த புருஷன்

போடிநாயக்கனூரில் ஏலக்காயை ரகம் பிரிக்கும் ஸ்டோர் ஒன்றில் முனீஸ்வரிக்கு வேலை. கை காயைப் பிரித்துக்கொண்டிருக்கும். மனசு காஞ்சனாவுக்கு அடுத்து என்ன துன்பம் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும். காஞ்சனா ஒரு டிவி சீரியலின் கதாநாயகி. அவள் புருஷன் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சீரியலைப் பொசுக்கென்று நிறுத்திவிட்டார்கள். பொறுக்கமாட்டாமல் முனீஸ்வரி மிச்சத்தைத் தானே எழுத ஆரம்பித்தாள். மதியச் சாப்பாட்டு வேளைக்கு ஒரு பாகம். எழுபது பாகம் தாண்டியும் அந்த மனுஷன் கண்ணைத் திறந்தபாடில்லை.

அவள் கதை போட்டுவந்த வாட்ஸப் குழுவில் முந்நூறு பேர். எல்லாரும் நின்றுபோன சீரியல்களை ஆசைக்கு எழுதுகிறவர்கள், படிக்கிறவர்கள். அட்மின் ராம்பிரசாத் தேவாரத்தில் கணக்கு வாத்தியார். அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: இங்கே யாரும் எதையும் விற்கக் கூடாது. ஊறுகாய்ப் படம் போட்ட ஒரு பெண்ணை நீக்கிவிட்டு, அது அவள் தின்றுகொண்டிருந்த ஊறுகாய்தான் என்று தெரிந்த பிறகே திரும்பச் சேர்த்தார்.

ஏலக்காய்க் கடை கன்னையனின் மனைவி சுந்தரம்மாளுக்கு அந்தக் கதை என்றால் உயிர். அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் அவள் படிப்பதைப் பார்த்த கன்னையனுக்கு யோசனை ஒன்று வந்தது. முனீஸ்வரியைக் கூப்பிட்டுவிட்டார்.

“ஆத்தா, அந்தக் காஞ்சனா எப்பப் பாத்தாலும் டீ போடுதாமே. அதுல நம்ம கடை ஏலக்காயத் தட்டிப் போடச் சொல்லு. பாகத்துக்கு நூறு கிராம் முதல் ரகக் காயா தர்றேன்.”

நாள் முழுக்க முதல் ரகக் காயைத் தொட்டாலும் வீட்டில் அவள் டீயில் விழுவது உடைசல்தான். எழுதியதற்கு ஒருத்தர் ஏதோ தருகிறேன் என்கிறார். அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

காஞ்சனா ஆஸ்பத்திரியில் டீ போட்டாள். பஸ்சில் டீ போட்டாள். துட்டிக்குப் போன சாவு வீட்டிலும் போட்டாள். யாரும் கண்டுகொள்ளவில்லை. கன்னையனுக்கு ஆசை கூடிவிட்டது. எழுபத்தெட்டாம் பாகத்தில் காஞ்சனா புருஷன் மூக்கருகே ஒரு காயை நசுக்கிக் காட்ட, அவன் எழுந்து உட்கார்ந்து, “போடி கன்னையன் கடைக் காயா?” என்று கேட்டான்.

குழு பற்றிக்கொண்டது. “காசுன்னு வந்துட்டா கதை செத்துச்சு” என்றார் ஒருவர். “அவுக மட்டும் சும்மாவே எழுதணுமோ?” என்று ராசிங்காபுரத்துப் பொற்கொடி ஏறிக்கொண்டு வந்தாள். “கோயம்புத்தூருக்குப் பார்சல் வருமா?” என்று கேட்டார் இன்னொருவர்.

ராம்பிரசாத் போன் போட்டார். “காசு வாங்குனீங்களாம்மா?”

“காசு வாங்கல சார். காய்தான்.”

“போடியில காசு வேற, காய் வேறயா?”



அந்தப் பாகத்தை அழிக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அப்படியானால் புருஷன் மறுபடி நினைவிழந்து படுக்கணுமா என்று இப்போது வேறு சண்டை. கதை செத்துவிட்டது என்றவரே முதல் ஆளாய், “பாவம், அவரைப் படுக்கப் போடாதீங்க” என்று கெஞ்சினார். வாத்தியார் இரண்டு நாள் யோசித்து அறிவித்தார்: எழலாம், எதையும் மோந்து பார்க்காமல் எழ வேண்டும்.

முனீஸ்வரிக்கும் அது நிம்மதிதான். காய் கைக்கு வந்ததிலிருந்து காஞ்சனா தன் இஷ்டத்துக்கு ஒன்றும் செய்யவில்லை என்பது அவளுக்கே உறுத்திக்கொண்டிருந்தது. புதுப் பாகத்தில் காஞ்சனா டீ போடவில்லை. “எத்தனை நாளைக்கய்யா படுத்திருப்ப?” என்று கட்டிலை ஓங்கி ஓர் உதை விட்டாள். அவன் வெரசாக எழுந்துகொண்டான். குழுவே கைதட்டியது.

கன்னையன் விடுவதாயில்லை. அட்மினிடம் நியாயம் பேச அவரே குழுவில் சேர்ந்தார். பேசுமுன் கதைகளைக் கொஞ்சம் படித்துப் பார்ப்போமே என்று உட்கார்ந்தவர், அதற்குப் பிறகு பேசவே இல்லை.

பத்து நாள் கழித்து முனீஸ்வரி அந்தப் பக்கம் போனாள். கடை வாசலில் கேரளத்து வியாபாரி ஒருவர் காத்து நிற்க, கன்னையன் குனிந்து போனில் தட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஆளு நிக்கிறாகள்ல.”

“இரு ஆத்தா. கெணத்துல விழுந்த கொழுந்தியாளப் பாதிதான் தூக்கியிருக்கேன்.”

“இதுல என்னண்ணே லாபம்?”

கன்னையன் நிமிர்ந்து பார்த்தார். “ஏழு பேரு படிச்சிருக்காக. அதுல ஒரு அம்மா அழுதுருச்சாம்.”

உள்ளேயிருந்து சுந்தரம்மாள் வந்து வியாபாரிக்குக் காயை நிறுத்துக் கொடுத்தாள்.