மங்கல் கண்ணாடியில் மிதந்தவள்

என் அப்பா ஒரு பிள்ளைப்பூச்சி. யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்துப் பேச வராது. அப்படிப்பட்டவர் முகங்களைப் படம் பிடிக்கிற தொழிலுக்கு வந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்புதான். ஆனால் அதற்குக் காரணம் உண்டு. கேமராவோடு ஒரு கறுப்புத் துணியும் கிடைக்கிறதே, தலையை மறைத்துக்கொள்ள.

அது மடக்குக் கேமரா. மூடினால் வெறும் மரப்பெட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கலாம். முன்பலகையை இறக்கி லென்ஸை இழுத்தால், தோல் துருத்தி மடிப்பு மடிப்பாக நீண்டு வரும். பின்பக்கம் ஒரு மங்கல் கண்ணாடி. துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால், எதிரே இருப்பவர் அதில் தலைகீழாகத் தெரிவார். படம் எடுக்க லென்ஸை மூடிவிட்டு, மங்கல் கண்ணாடி இருந்த இடத்தில் மருந்து பூசிய கண்ணாடித் தகட்டைச் செருக வேண்டும். அதன் பிறகு உள்ளே ஒன்றும் தெரியாது. வெளியே வந்து, கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, லென்ஸின் மூடியைக் கையால் கழற்றி, கொஞ்சம் எண்ணிவிட்டுத் திரும்ப மாட்ட வேண்டும். அதுவரை எதிரே இருப்பவர் ஆடக் கூடாது, அசையக் கூடாது.

ஸ்டூடியோ என்பது ஒரு மாடியறை, கூரையில் பாதி கண்ணாடி. அதன் கீழே வெள்ளைத் திரை கட்டியிருந்ததால், நடுப்பகலிலும் அங்கே அப்போதுதான் விடிந்தது போல ஒரு வெளிச்சம் இருக்கும்.

அங்கேதான் அம்மா தன் அண்ணனோடு வந்தாள். அம்மா சட்டைக் கடையில் பொத்தான் துளை தைப்பவள், சரியான வாயாடி. அண்ணன், அதாவது என் மாமா, பூட்டு ரிப்பேர்க்காரர். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கடல் தாண்டி வேலை பார்க்கும் ஒருவருக்கு அம்மாவைக் கொடுக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. படம் போய், அது அவருக்குப் பிடித்துவிட்டால் அம்மா கப்பல் ஏறிவிடுவாள்.

அப்பா துணிக்குள் நுழைந்தார். கண்ணாடியில் அம்மா தலைகீழாக மிதந்தாள். கூரை வெளிச்சம் அவள் கூந்தலுக்கு அடியில் தண்ணீர் மாதிரி தேங்கி நின்றது. அவள் இமைத்தாள், எதற்கோ லேசாகச் சிரித்தாள். வாழ்க்கையில் முதன்முறையாக அப்பா ஒரு முகத்தைக் கூச்சமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது. மாமா இருமிய பிறகு திடுக்கிட்டு வெளியே வந்து மூடியைக் கழற்றினார், எண்ணினார், மாட்டினார். அவர்கள் போன பிறகு இருட்டறைக்குப் போனால், கழுவுவதற்குத் தகடு இல்லை. மனிதர் அதைச் செருகவே இல்லை!

படம் சரியாக விழவில்லை என்று சொல்லியனுப்பினார். அவர்கள் மறுபடி வந்தார்கள். மறுபடியும் அதே கூத்து.

மூன்றாவது தடவை மாமா படியேறும்போதே ஆரம்பித்துவிட்டார். "ஏன்யா, உனக்குத் தொழில் தெரியுமா தெரியாதா?"

"விடுண்ணே, சும்மா உக்காரத்தானே சொல்றாரு. கடையில இந்தச் சுகம் கிடைக்குமா?" என்றாள் அம்மா.

தொழிலைச் சொன்னது அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்தது. இந்த முறை தகட்டைச் செருகினார். கண்ணாடியிலிருந்து அம்மா மறைந்தாள். இவளை அனுப்பிவைக்க நானே படம் எடுத்துக் கொடுக்கிறேனே என்று அப்போதுதான் உறைத்ததாம்.

"லென்ஸைப் பாருங்க" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ், தொட்டியை ஆட்ட ஆட்ட அம்மா மெல்ல மேலே வந்தாள், கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும். அச்சுப் போட்டுக் காயவைத்த பிறகுதான் அப்பா கவனித்தார். முகம் துல்லியம். ஆனால் கண்கள் லென்ஸைப் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி, பக்கத்தில் நிற்கிற யாரையோ பார்த்தன. அந்தப் பார்வையில் அவ்வளவு பிரியம். அங்கே நின்றது யார்? அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பிற்பாடு நான் அம்மாவைக் கேட்டிருக்கிறேன். "லென்ஸ்ல பாக்க என்னடி இருக்கு? அது ஒரு ஓட்டை" என்றாள்.

மறுநாள் அப்பா படத்தோடு மாமாவின் கடைக்குப் போனார். மாமா அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"மூஞ்சி நல்லா வந்திருக்கு. கண்ணுதான் எங்கயோ போகுது. மாப்பிள்ளை மாறுகண்ணுன்னு நெனச்சுக்கப் போறாரு. இன்னொண்ணு எடுத்துடு."

இன்னொன்று எடுப்பது ஒரு வேலையே இல்லை. சரிண்ணே என்றால் போதும், அதுவரைக்கும் எல்லோருக்கும் அவர் சொல்லி வந்த பதிலும் அதுதான். அப்பா நிமிர்ந்தார்.

"வேற எடுக்க வேணாம்ணே. கண்ணு சரியாத்தான் இருக்கு. அவங்க என்னைப் பாக்கறாங்க."