பியானோவின் காலடியில் தண்ணீர்

மாலை ஆறு மணிக்குக் கச்சேரி. மூன்றரை மணிக்குப் பியானோவில் ஒரு கட்டை அழுந்தியது, எழுந்திருக்கவில்லை.

அழுத்தியவள் செக் தேசத்துப் பெண். இருபது வயது இருக்கும். கூடவே வயலின், வியோலா, செல்லோவுடன் மூன்று இளைஞர்கள். மூத்தவனுக்கே மீசை சரியாக வரவில்லை. தங்கள் தேசத்து சங்கீதத்தை ஊர் ஊராக வாசித்து வந்தவர்கள். நோட்டீஸில் 'வசந்த காலக் கச்சேரி' என்று போட்டிருந்தது. திருவனந்தபுரத்து மார்ச் மாதத்தைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

நான் அந்த ஹாலில் டெம்பரரி கிளார்க். பியானோ என் சார்ஜ். என்னை நிரந்தரமாக்கலாமா என்று சூப்பரின்டென்டென்ட் பிள்ளை மறுநாள் எழுதவேண்டும்.

அவள் விரலால் கட்டையைத் தூக்கிவிட்டு மறுபடி அடித்தாள். மறுபடி படுத்துக்கொண்டது. "ஈரம்" என்று இங்கிலீஷில் சொல்லிக் குனிந்து பார்த்தாள். பியானோவின் மூன்று கால்களும் மூன்று பித்தளைக் கிண்ணங்களில் நின்றன. கிண்ணம் நிறையத் தண்ணீர்.

வைத்தவன் நான்தான். எங்கள் வீட்டு நெய் அலமாரியை எறும்பிடமிருந்து அப்படித்தான் காப்பாற்றுவோம். பியானோ நெய்யைவிட உசத்தி என்பதால் தினமும் தண்ணீர் மாற்றினேன்.

பிள்ளை வந்து கட்டையை அமுக்கிப் பார்த்தார். "என்ன ஓய் இது? ஜில்லாவையே ஆளுற பேஷ்கார் முன்வரிசையில இருக்கப் போறார்!"

"ஒரு கட்டைதானே சார்..."

"உமக்கு முன்பல்லு ஒண்ணு போனா, ஒண்ணுதானேன்னு சிரிச்சிட்டு நடப்பீரா?"

சாலைக் கடைத்தெருவிலிருந்து தச்சு ஆசாரியைக் கூட்டிவந்தோம். உள்ளே எட்டிப் பார்த்தார். "கழட்டலாம் சாமி. திரும்ப மாட்ட எனக்கு அறியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று அந்த ஹாலில் தன் யோக்கியதையை ஒளிக்காமல் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

கடைசியில் அவளே வழி சொன்னாள். பக்கம் புரட்டுகிறவன் மாதிரி நான் இடது பக்கம் உட்கார வேண்டும். அவள் அடித்துவிட்டுக் கையை எடுத்ததும் கட்டையை நான் தூக்கிவிட வேண்டும். ஒத்திகையில் நான்கு தடவை என் விரலில் அடித்தாள். நான்காவது அடி தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆறு மணிக்கு ஆரம்பித்தார்கள். முதல் அரைமணி நேரம் தாளம் எண்ணியே சமாளித்தேன். செல்லோக்காரன் தன் காகிதத்தைப் பார்க்காமல் என் விரலையே பார்த்தான். கடைசிப் பகுதி அவர்கள் ஊர் நடனமாம். மூன்று மூன்றாக ஓடிக்கொண்டிருந்தது, சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு இரண்டாக உடைந்தது. என் கணக்கு போயிற்று. வியர்வையில் விரல் வழுக்கியது. கட்டை கீழேயே கிடந்தது. அவள் கை அங்கே வந்துகொண்டிருந்தது. கண்ணால்கூடத் திட்ட அவளுக்கு நேரமில்லை. கையைத் தாவவிட்டு மேல் ஸ்தாயியில் அந்த ஸ்வரத்தைப் பிடித்தாள். நான் இரண்டு கைகளாலும் கட்டையை நெம்பினேன். எழும்பிற்று. அடுத்த நொடி முடிவு அடி அதன்மேல் விழுந்தது. ஹால் முழுதும் கேட்டது.

கைதட்டல் அடங்கியதும் பேஷ்கார் மேடைக்கு வந்தார். "பியானோவுக்கு என்ன கேடு?"

எனக்கு முன்னால் அவள் முந்திக்கொண்டாள். "ஒன்றுமில்லை. உங்கள் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம்."

பிள்ளை வேகமாகத் தலையாட்டினார். நானும் ஆட்டியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அவள், தாவி அடித்ததில் வலித்த தன் விரல்களைப் பிசைந்து பிசைந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"காத்து இல்லை சார்" என்றேன். "காலுக்குக் கீழே தண்ணி வச்சது நான்."

பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மறுநாள் ஃபைலில் எழுதினார்: "நிரந்தரமாக்கலாம். பியானோவை மட்டும் வேறொருவர் சார்ஜில் விடவும்."

இப்போது வேலைக்குச் சேருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தெரியாத சாமான் உங்கள் சார்ஜுக்கு வந்தால், தெரியாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். தாமதித்தால், வலிப்பது அடுத்தவர் விரலாக இருக்கும்.