பல் டாக்டர் குவோக் செத்த கதை

கௌலூன் மதில் நகரில் பல் பிடுங்கிப் பிழைத்த குவோக் சியூ-லுன் தன் நிழலைக்கூட நம்பாதவர். நம்பித்தான் என்ன ஆகப்போகிறது? சீனாவில் படித்த அவருடைய பட்டம் வெளியே ஹாங்காங்கில் செல்லாது. வெயில் எட்டாத இந்தச் சந்துகளுக்குள் மட்டும் அவர் டாக்டர். இங்கே முதலில் ரவுடிக் கும்பல் ஆண்டது. பிறகு போலீஸ் திடீர் திடீரென்று புகுந்தது.

அதனால் கல்யாணமான வாரமே மனைவி சாய்-ஹாவுக்கு ஒரு பாடம் சொல்லிவைத்தார். கையில் தாளோடு எவன் வந்து கேட்டாலும், "புருஷன் செத்துப்போய்ட்டார்" என்று சொல்லிவிட வேண்டும். பாவி மனுஷன், முப்பது வருஷத்தில் எத்தனை தடவை செத்தாரோ!

எண்பத்தேழு ஜனவரியில் ஒருநாள் காலை, சந்துக்குச் சந்து அதிகாரிகள் வந்து நின்றார்கள். நகரை இடிக்கப்போகிறார்களாம், பதிவு செய்தவர்களுக்கு வேறிடத்தில் வீடாம். எலிப்பொறியில் கருவாடு வைக்காமலா இருப்பான் என்று குவோக் சிரித்தார்.

கீழே அவருடைய கடைக்கு வந்த பெண் அதிகாரி, கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். மனைவி ஐந்தாவது மாடியில் இருக்கிறாள் என்றால் மேலே போய் வீட்டையே குடைவார்களே!

"கல்யாணமே ஆகலம்மா. பொண்டாட்டின்னு எனக்கு யாரும் கிடையாது."

அதே நேரம் மேலே இன்னொரு அதிகாரியிடம் சாய்-ஹா வழக்கமான பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டாருக்கு நிஜமாகவே வீடு ஒதுக்கிய பிறகுதான் குவோக் நம்பினார். இருவரும் அலுவலகத்துக்கு ஓடினார்கள். அந்தப் பெண் அதிகாரி இரண்டு தாள்களையும் வாசித்துக் காட்டினாள். ஒன்றில் விதவை, மற்றதில் பிரம்மச்சாரி. அப்படியென்றால் ஆளுக்கொரு அறை, அதுவும் வேறு வேறு ஊர்ப்பக்கம். விருந்து போட்டு முடித்த கல்யாணத்துக்குச் சான்றிதழ் ஏது?

குவோக் மனைவி மேல் பாய்ந்தார். "இந்தத் தடவையும் என்னைச் சாகடிக்கணுமாடி?"

சாய்-ஹா அவருடைய தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் நீங்க செத்துட்டதாத்தான் சொன்னேன். சேர்ந்து வாழ்ந்தோம்னாவது அதுல இருக்கு. நீங்க நான் இருந்ததாவே சொல்லலியே."

அதிகாரிக்கே மனசு இளகிவிட்டது. இவர்தான் உங்கள் புருஷன் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறேன் என்றாள்.

குவோக் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்மா."