தோட்டத்துக்குக் காய்ச்சல்

நான் சித்திரை விடுமுறைக்கு, படிப்பிக்கிற வவுனியாவிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வெங்காயம் கிண்டி எடுக்கிற காலம். அச்சுவேலிச் சந்தையிலிருந்து சற்றுத் தள்ளித்தான் எங்கள் வீடு. தோட்டம் வளவுக்குப் பின்னால் இருக்கிறது. பெரிதில்லை. ஐயாவும் கூலிக்கு வருகிற, தங்களுக்குள் மச்சாள்மாரான இரு பெண்களும் ஒரு கிழமை குனிந்தால் முடிந்துவிடும். அந்த வருடம் வெயில் யாரையும் குனிய விடவில்லை. கிணற்றுக்கட்டில் வெறுங்கால் வைக்க முடியாது. பைப்பைத் திறந்தால் பிளேன்ரீ போடுகிற சூட்டில் தண்ணீர் வரும். காகங்கள் வாயைப் பிளந்தபடி வேலியில் இருந்தன, கத்தவில்லை. வெளியில் வேலை செய்ய வேண்டாம் என்று வானொலியில் செய்திக்குச் செய்தி சொன்னார்கள். அது கந்தோரில் உத்தியோகம் பார்க்கிறவர்களுக்குச் சொல்லுகிறது என்று ஐயா விளக்கம் சொல்லிவிட்டு மண்வெட்டியோடு போய்விடுவார்.

வந்த மறுநாள் நான் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். ஐயா வெங்காயப் பாத்தியின் நடுவில் சப்பாணி கட்டி இருந்தார். மண்வெட்டி மடியில் கிடந்தது. என்னைக் கண்டதும் மிகவும் மரியாதையாக, "வாங்கோ ரீச்சர். எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டார்.

நான் மச்சாள்மாரைக் கூப்பிட்டேன். தன்னிடமும் பஸ் போய்விட்டதா என்று ஐயா கேட்டதாகவும், பகிடி விடுகிறார் என்று நினைத்ததாகவும் மச்சாள்மாரில் மூத்தவ சொன்னா. மூவருமாக அவரைத் தூக்கிப் பிடித்துக் கிணற்றடிக்குக் கொண்டுவந்து தலையில் தண்ணீர் வார்த்தோம். கொஞ்ச நேரத்தில் என்னை யாரென்று தெரிந்துகொண்டார். ஆனால் மயங்கியதை மட்டும் அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. களைத்தவன் கொஞ்சம் இருக்கிறதும் குற்றமா என்று எங்களையே திருப்பிக் கேட்டார்.

அம்மா அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, நான் குழந்தையாக இருந்தபோது வாங்கிய கண்ணாடித் தேர்மாமீற்றரை எடுத்து வாயில் வைத்தா. அறை இருட்டாக இருந்ததால் இரசக் கோட்டைப் பார்க்க முற்றத்துக்கு வந்தா. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு ஏறியது. கண்ணாடியில் பிழை என்று நினைத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தா. இன்னும் ஏறியது. ஐயா உள்ளே படுத்திருக்கிறார், தேர்மாமீற்றர் வெளியே அம்மாவின் கையில், காய்ச்சல் கூடிக்கொண்டு போகிறது. அம்மா தேர்மாமீற்றரையும் தோட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தா.

"மனிசனுக்கு இந்தச் சிவப்பு அடையாளத்தைத் தாண்டினா படுக்க வைக்கிறமெல்லோ. தோட்டத்துக்குத் தாண்டினா மட்டும் வேலை செய்யலாமோ?" என்றா.

அன்றைக்கே அது சட்டமாகிவிட்டது. கிணற்றடி முருங்கையின் கொப்பில் சிவப்பு நூலால் தேர்மாமீற்றரைக் கட்டினா. கோடு சிவப்பு அடையாளத்தைத் தாண்டினால் எல்லாரும் தோட்டத்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும், ஐயாவும்தான். வெங்காயத்துக்குக் காய்ச்சல் நல்லதுதானே, காய்ந்தால்தானே நாள் கணக்கில் இருக்கும் என்று ஐயா சொல்லிப் பார்த்தார். அம்மா சிரிக்கவில்லை.

முதல் நாள் காலைச் சாப்பாட்டுக்கு முன்னமே கோடு தாண்டிவிட்டது. எல்லாரும் வெளியே வந்தோம். பின்னேரம் நல்ல காற்று வந்து வெக்கை தணிந்தது. போய்ப் பார்த்தால் கோடு மத்தியானம் நின்ற இடத்திலேயே நின்றது. காய்ச்சல் பார்க்கிற தேர்மாமீற்றர் ஏறினால் ஏறினதுதான், உதறாமல் இறங்காது. ஐயா அதைச் சொன்னார். உதறி இறக்குகிற காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று அம்மா கேட்டா. அன்றைக்கு முழுவதும் ஒருவரும் தோட்டத்தில் கால் வைக்கவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது நான் இருவருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லுவதுபோல விளங்கப்படுத்தினேன். உதறலாம், ஆனால் பக்கம் சாராத ஆள்தான் உதறவேண்டும் என்று முடிவாயிற்று. அந்த வேலை என் தலையில் விழுந்தது.

அதன்பிறகு நான் போகுமிடமெல்லாம் மரியாதை கிடைத்தது. கொஞ்சம் இறுக்கி உதறு பிள்ளை என்று ஐயா தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுவார். மச்சாள்மாருக்குக் கூலி நாள் கணக்கில், வேலை நின்றாலும் உண்டு என்பதால் அவர்கள் வேறு பக்கம் நின்றார்கள். ஒருநாள் தேர்மாமீற்றர் நிழல் கொப்பிலிருந்து வெயில் கொப்புக்கு மாறியிருந்தது. கண்ணாடி வெடிக்காமல் விட்டது பெரிய காரியம். காற்றுக்கு ஆடி ஆடிப் போயிருக்கும் ரீச்சர் என்று இளையவ சொன்னா. போட்ட முடிச்சோடு போயிருந்தது. அடுத்த நாள் ஐயாவின் ஈரத் துவாய் அதைச் சுற்றிக் கிடந்தது. அம்மா துவாயை எடுத்துப் பிழிந்து ஐயாவின் கையில் கொடுத்துவிட்டு, ஈரத்துணி போட்டால் எந்தக் காய்ச்சலும் இறங்கும்தான் என்று சொல்லிக்கொண்டு போனா. பாதித் தோட்டம் கிண்டாமல் கிடந்தது.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற கந்தோர்காரர் ஒருவர் இருக்கிறார். காலையில் பல்லுத் தீட்டும்போதே வேலிக்கு மேலால், இன்றைக்கு எவ்வளவு என்று கேட்பார். நானும் சொல்லுவேன். அவருக்கு ஊரெல்லாம் தொலைபேசியில் கதைக்கிற பழக்கம். யாரிடம் என்ன சொன்னாரோ, எங்கள் வீட்டில் காய்ச்சல் இறங்கவில்லை என்ற செய்தி அவரிடமிருந்து புறப்பட்டுக் கொக்குவில் வரை போய்விட்டது.

கொக்குவிலில் அம்மாவின் தங்கை இருக்கிறா. சித்தியும் சித்தப்பாவும் நல்ல உச்சி வெயிலில் ஓட்டோவில் வந்து படலையில் இறங்கினார்கள். கையில் நோயாளிக்குக் கரைத்துக் கொடுக்கிற மோல்ற்மா ரின், ஒரு பை தோடம்பழம், பாண். சித்தி கண் கலங்கியபடி உள்ளே வந்து, "அத்தானுக்கு இன்னும் இறங்கேல்லையாம். ஒரு சொல்லுச் சொல்லேல்லையே அக்கா" என்றா.

அம்மா வாயைத் திறந்தா. பிறகு சித்தியின் வியர்த்த முகத்தையும் தோடம்பழத்தையும் பார்த்து வாயை மூடினா. இந்த வெயிலுக்குள் இவ்வளவு தூரம் வந்தவர்களிடம் காய்ச்சல் முருங்கை மரத்துக்கு என்று எப்படிச் சொல்லுவது? அவர்களை இருக்கச் சொல்லிவிட்டு என்னைக் குசினிக்குள் இழுத்துக் காதுக்குள் சொன்னா. நான் பின்பக்கத்தால் ஓடினேன்.

ஐயா முருங்கைக்குக் கீழே நின்று தேர்மாமீற்றருக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"ஐயா, உடனை வந்து படுக்கட்டாம்."

"ஏன்?"

"உங்களுக்குக் காய்ச்சல்."

"எனக்கில்லை. உதுக்கு," என்று கொப்பைக் காட்டினார்.

விசயத்தைச் சொன்னதும் அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. குசினி வழியாக வந்து, செம்மண் காலோடு படுத்துப் போர்வையை இழுத்து மூடினார். சித்தி போய் நெற்றியில் கையை வைத்தா. வெயிலிலிருந்து வந்த மனிதர், நெற்றி நெருப்பாகத்தான் இருந்தது. சித்தி தேர்மாமீற்றரைக் கேட்டா.

"முருங்கையிலை கிடக்கு," என்றா அம்மா.

சித்தி என்னைப் பார்த்தா. அது எப்பவும் அங்கேதான் இருக்கும் என்று நான் சொன்னேன். சித்தி கட்டிலடியை விட்டு வந்தா. அம்மாவின் தலையை மெல்லத் தடவிவிட்டா. கவலையில் அக்காவுக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

வெயில் தாழ்ந்த பிறகு போகலாம் என்று இருவரும் தங்கினார்கள். வந்தவர்களுக்கு அம்மா மீன் குழம்பு வைத்தா. ஐயாவுக்கு உப்புப் போடாத கஞ்சியும் கொத்தமல்லித் தண்ணீரும் கிடைத்தன. குழம்பு வாசம் அறைக்குள் வந்தபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. சித்தி பக்கத்தில் இருந்து கஞ்சியைக் கரண்டியால் பருக்கினா. அதற்குப் பிறகு அவர் உண்மையாகவே நித்திரையாகிவிட்டார். அந்த மாதத்தில் பகலில் அவர் கண்ணை மூடியது அன்றைக்குத்தான். குறட்டை கேட்டதும், இதுதான் காய்ச்சல் விடுகிற அடையாளம் என்று சித்தப்பா மெதுவாகச் சொன்னார்.

பின்னேரம் சித்தப்பா காற்று வாங்கப் பின்பக்கம் போனார். அவர் வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சேட்டைத் தவிர வேறு போட்டு நான் கண்டதில்லை. கிண்டாமல் கிடந்த வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்து, "அண்ணை படுத்துக் கிடக்க இது வீணாப் போகப்படாது" என்று காற்சட்டையை முழங்கால் வரை மடித்தார். சித்தி சேலையைத் தூக்கிச் செருகினா. அம்மா வேண்டாம் வேண்டாம் என்று பின்னால் போனா, பிறகு அவவும் ஒரு கடகத்தோடு இறங்கிவிட்டா. மச்சாள்மார் தங்களுக்குக் கீழே ஆள் கிடைத்த சந்தோசத்தில் இடுப்பில் கை வைத்து வேலை சொன்னார்கள். கோடு எங்கே நிற்கிறது என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

நான் அறையில் காவல் இருந்தபோது ஐயா சத்தம் கேட்டு விழித்தார். அறை யன்னல் தோட்டப் பக்கம்தான். தலையை உயர்த்திப் பார்த்தவர் எழும்பி இருந்துவிட்டார்.

"வெங்காயத் தாளிலை பிடிச்சு இழுக்கிறான் பிள்ளை. தாள் கையோடை வருது. முதல் மண்ணை இளக்கச் சொல்லு."

நான் ஓடிப்போய் ஐயா இப்படிச் சொல்லுகிறார் என்று சொன்னேன். சித்தி மண் கையை நெஞ்சில் வைத்தா. "காய்ச்சல் மண்டைக்கு ஏறியும் தோட்டத்தைத்தான் புசத்துறார்" என்று அழுதா. அழுதுகொண்டே இன்னும் வேகமாக இழுத்தா. தாள்கள் பட் பட்டென்று அறுந்தன. அடுத்த பாத்தியில் சித்தப்பா காலை வைத்து மிதித்தபோது ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கத்துக் கத்தினார். நோயாளியின் குரல் இல்லை அது. மாடு கலைக்கிற குரல். அம்மா ஓடிவந்து யன்னலைச் சாத்தினா. அறைக்குத் திரும்பி வந்த என்னிடம் ஐயா, நான் இப்ப எழும்பினா என்ன நடக்கும் என்று ஒரு சின்னப்பிள்ளையைப் போலக் கேட்டார். மோல்ற்மா ரின்னைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

இருட்டும் வரை கிண்டினார்கள். மிச்சத்தை முடிக்காமல் போகமாட்டோம் என்று இரவு தங்கி, மறுநாள் வெயில் ஏறுவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். சித்தப்பாவின் பின்கழுத்துப் பழுத்த மிளகாய் நிறத்தில் இருந்தது. ஐயாவுக்கு வேறு மனிதர் கிண்டிய தோட்டத்தைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. விடைபெற வந்த சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மெலிந்த குரலில், பெரிய உதவி என்றார். அது நடிப்பென்று எனக்குத் தோன்றவில்லை. சித்தப்பா, உடம்பைப் பாருங்கோ அண்ணை என்று சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த, தாளில் முடிந்த வெங்காயப் பிடிகளோடு ஓட்டோவில் ஏறினார்.

சித்தி கட்டிய பிடிகள் எல்லாம் தலைமயிருக்கு முடிச்சுப் போட்டதுபோல இருந்தன. கொட்டிலில் காயத் தூக்கிய மறுநாளே ஒவ்வொன்றாக அவிழ்ந்து விழத் தொடங்கின. ஐயா அவற்றைத் தன் மடியில் வைத்துத் திரும்பக் கட்டினார். தாளறுந்த வெங்காயத்தைக் கட்ட முடியாது. அதைப் பெட்டியில் போட்டுக் குசினிக்கு அனுப்பினார். நாங்கள் அந்த வெங்காயத்தை ஆவணி வரை சாப்பிட்டோம்.

சித்தி ஒவ்வொரு பின்னேரமும் தொலைபேசியில் சுகம் விசாரித்தா. ஐயாதான் எடுப்பார். இப்ப கொஞ்சம் பரவாயில்லை என்று இருமிவிட்டுச் சொல்லுவார். காய்ச்சலுக்கு இருமத் தேவையில்லை என்று அம்மா சொன்னபோதும் விடவில்லை. ஒரு கிழமை கழித்துத்தான் தோட்டத்துக்கு இறங்கினார். வெறும் பாத்திகளுக்கு நடுவே, நோய் மாறிய ஒருவர் நடப்பதுபோல, இடைக்கிடை நின்று மூச்சு வாங்கி மெல்ல மெல்ல நடந்தார். அப்போது வேலிப் பக்கம் அதைப் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை.