கேக்குக்குக் காவல் நின்ற கங்காணி

கியா பார்ம் சாலையில் ஸ்ட்ராபெரி வாங்க வந்த கூட்டம் காரை நகரவிடவில்லை. வெறுத்துப்போய் வண்டியைப் பழைய தேயிலை எஸ்டேட் பாதைக்குள் விட்டேன். நாங்கள் பெரட்டுக் களம் என்று சொன்ன இடத்தில், அதாவது விடியற்காலையில் ஆளெடுத்து வேலைக்கு அனுப்பும் இடத்தில், இப்போது கண்ணாடி போட்ட தேநீர்க் கடை நிற்கிறது. கவுண்டரில் ஒரு பெண், "பேர் சொல்லுங்க அங்கிள், கப்புல எழுதணும்" என்றாள்.

டீ குடிக்கப் பேர் எதற்கு? எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எதற்கும் கோபம் வரும், அதை விடுங்கள். அதே நேரம் பின்னால் யாரோ நனைந்த ரப்பர் பூட்ஸைக் கழற்றினார்கள். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் ஸ்டெல்லா அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நான் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் எஸ்டேட் பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். ஆங்கிலம் எனக்கே அரைகுறை. அந்தச் சமயத்தில்தான் சுற்றுலாக்காரர்களுக்காக ஆபீஸ் பக்கத்தில் ஒரு பலகைக் கடை போட்டார்கள். கொழுந்து பறித்துப் பறித்து முட்டி தேய்ந்துபோன ஸ்டெல்லா அக்கா, அந்தக் கவுண்டர் வேலையைக் கேட்டார். கடைப் பலகையைத் தடுமாறாமல் வாசித்தால் தருகிறேன் என்றார் எஸ்டேட் மேலாளரான துரை. சரிவில் இன்னொரு மழைக்காலம் ஏறி இறங்க அக்காவின் முட்டி தாங்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும் பெரட்டுக் களத்தில் வகுப்பு. துணைக்கு அக்காவின் கூட்டாளிப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். எல்லார் காலிலும் பூட்ஸ், எல்லார் வாயிலும் நக்கல்.

முதல் நாளே பலகையில் இருந்த 'கேக்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டோம். கடைசியில் ஈ என்ற எழுத்து நிற்கிறது, அதற்குச் சத்தமில்லை என்றேன்.

"மலாய்க்காரன் கேக்குன்னா சொல்ற மாதிரியே மூணு எழுத்துல ஒழுங்கா எழுதுறான்லா. வெள்ளைக்காரனுக்கு என்ன கேடு?" என்றார் அக்கா.

"சத்தம் போடாது அக்கா. ஆனா அது நிக்கிறதால நடுவுல இருக்கிற ஏ தன் பேரை நீட்டிச் சொல்லும்."

"வேல செய்யாது, வாயத் தொறக்காது, கடைசியில நின்னு மத்தவங்களப் பேர் சொல்ல வைக்கும். நம்ம கங்காணிதான!"

களமே சிரித்தது. எங்கள் ஆரோக்கியம் கங்காணிக்குப் பெரட்டில் பேர் கூப்பிடும் பழக்கமே கிடையாது. வரிசைக் கடைசியில் நின்று முறைப்பார். அவர் கண் படும்போது அவரவர் தம் பேரைத் தாமே கத்த வேண்டும். மெதுவாகச் சொன்னால் அன்றைக்கு வரவில்லை என்று கணக்கு. நாங்கள் சங்கம் கிங்கம் ஆரம்பிக்கிறோமா என்று வேவு பார்க்க அவரும் ஞாயிறுதோறும் வந்து நிற்பார். மூன்று பெண்கள் முதல் மூன்று எழுத்து அட்டைகளைப் பிடித்து வரிசையாக நிற்க, அவரையே கூப்பிட்டு ஈ எழுதிய அட்டையைக் கையில் கொடுத்தார்கள். கடைசி இடம் என்றதும் மனுசனுக்கு ஒரே பெருமை. அந்த எழுத்துக்குச் சத்தம் கிடையாது என்று யாரோ சொன்ன பிறகுதான் முகம் மாறியது.

"நான் சும்மா நிக்கிறேன்னு வெள்ளைக்காரனே எழுதி வச்சுட்டானா? ஸ்டெல்லாவ விட முடியாது. மலையில ஆள் பத்தல!"

கங்காணி விடாமல் கொழுந்துக் கூட்டத்திலிருந்து ஒருவரும் நகர முடியாது. என் அழகான பாடத்தால் அக்காவின் வேலை போகப் பார்த்தது. ஆனால் அக்கா அசரவில்லை.

"கோவிச்சுக்கிட்டுப் போங்க கங்காணி. நீங்க போனா என்ன ஆவுதுன்னு பாருங்க."

அவர் பத்தடி போனார். மிச்ச மூன்று அட்டைக்காரிகளும் "காக்! காக்!" என்று காக்கை மாதிரி கரைந்தார்கள். திரும்பி வந்தார். "கேஏஏக்!" என்று களமே அதிர்ந்தது. மறுபடி போனார், காக்கை. மறுபடி வந்தார், கேக். ஒரு மூத்த மனிதர் இங்கிலீஷ் எழுத்துகளை மிரட்டிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடைசியில், "நான் இல்லாட்டி ஒரு எழவும் நடக்காது" என்று மீசையைத் தடவிக்கொண்டார். ஆனாலும் அக்காவை விடுவதாக மட்டும் வாயிலிருந்து வரவில்லை.

வாசித்துக் காட்டும் நாள் வந்தது. கோட்டு மாட்டி, நெஞ்சில் ஈ அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு கங்காணி வந்து சேர்ந்தார். பலகையின் ஓரத்தில் போய் விறைப்பாக நின்றார். துரை என்னைப் பார்த்தார். நான் தேயிலைச் செடியைப் பார்த்தேன். அக்கா மேலிருந்து கீழ்வரை வாசித்தார். ஒவ்வொரு பண்டத்தின் பேரும் பெரட்டில் கத்துகிற மாதிரி விழுந்தது. ஒரு சுற்றுலாக்காரர் டீயை மடியில் கொட்டிக்கொண்டார்.

"என்ன கங்காணி, ஸ்டெல்லாவ விட்டுடலாமா?" என்று கேட்டார் துரை.

கங்காணி வாயைத் திறக்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். துரை மறுபடி கேட்டார். அதே முறைப்பு.

"சரி, மறுப்பில்ல போல" என்று சொல்லி துரை சாவியை அக்கா கையில் கொடுத்துவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் ஏன் பேசவில்லை என்று கங்காணியிடம் கேட்டேன். என் மேல் எரிந்து விழுந்தார்.

"வாயத் தொறந்தா எழுத்து கெட்டுப்போவும்னு நீதானய்யா சொன்ன?"

அது மடத்தனமா, பெரிய மனசா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா முட்டி நோகாமல் ஓய்வு பெறும்வரை அந்தக் கவுண்டரில் இருந்தார்.

இப்போது இருவருமே இல்லை. தேயிலையை இயந்திரம் வெட்டுகிறது. வேலைக்கு வருகிறவர்கள் கைரேகைக் கருவியில் விரலை வைத்துவிட்டுப் பேசாமல் போகிறார்கள். யாரும் பேரைக் கத்துவதில்லை, கத்த வைக்கவும் ஆளில்லை.

"அங்கிள், பேர்?" என்றாள் கவுண்டர் பெண் மறுபடியும்.

பழக்கதோஷம், வரிசைக் கடைசியைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒரு குடை மட்டும் சாய்ந்து நின்றது. என் பேரைக் கத்திச் சொன்னேன். கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.