உபதேசியார் படிக்கப் போன கோடை

எங்கள் அப்பா நாற்பத்தாறு வயதில் மறுபடியும் பள்ளிக்கூடத்துக்குப் போனார். சிலேட்டு ஒன்றுதான் குறை. மற்றபடி பை, தூக்குவாளி, குடை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவர் கிளம்பியபோது நானும் தம்பியும் வாசலில் நின்று சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை.

அப்பா கோயில் உபதேசியார். கோயிலின் பெயர் வேண்டாம்; அது இன்னும் இருக்கிறது, கும்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கோயில் கொடுத்த வீடு முத்தியால்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்தது. விடிந்ததும் மணி அடிப்பது, பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது, சாவு வீட்டில் செபம் சொல்வது என்று அப்பாவுக்கு ஆயிரம் வேலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் தாழ்வாரத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பதில்தான் அவருடைய உயிரே இருந்தது. அவர் கேள்வி கேட்பார், நாங்கள் நாற்பது பேரும் ஒரே குரலில் பதில் சொல்வோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எவனாவது நடுவில் ஒரு சொல்லை முழுங்கினால் கண்ணைத் திறக்காமலே அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். இந்த உலகத்தில் அப்படி ஒரு காது வேறு யாருக்கும் கிடையாது என்று நான் நம்பினேன். இப்போதும் ஏறக்குறைய அப்படித்தான் நம்புகிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுக் கப்பலேறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஊரில் எது எதுவோ மாறிக்கொண்டிருந்தது, கோயிலையும் அது விடவில்லை. மேற்றிராணியார், அதுதான் பிஷப், உத்தரவு போட்டிருந்தார். உபதேசியார்கள் எல்லோரும் கோடை விடுமுறையில் ஒரு மாதம் வகுப்புக்கு வரவேண்டும், இனிமேல் பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைக்காமல் யோசிக்கவைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று. பெங்களூரில் படித்துவிட்டு வந்த ஓர் இளம் சாமியார்தான் சொல்லிக்கொடுப்பவர். ஊர் நடுவே ஓடுகிற கால்வாய்க்குக் கிழக்கே, லீவு விட்டுக் காலியாகக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு. விழுப்புரம் பக்கத்திலிருந்தும் கடலூர் பக்கத்திலிருந்தும் உபதேசியார்கள் வந்து, நரைத்த மீசையோடு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்களாம்.

கடைசி நாளில் ஒவ்வொருவரும் தம் பிள்ளைகளைக் கூட்டிவந்து எல்லோர் முன்னாலும் ஒரு பாடம் நடத்திக் காட்டவேண்டும். தேறாதவர்களுக்கு மணியடிக்கிற வேலையோடு சரி. சொல்லிக்கொடுக்கிற வேலை படித்த புதுப் பையன்களுக்குப் போகும், வீடும் அவர்களுக்கே போகும். இதை அப்பா அம்மாவிடம் சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அம்மா கேட்டது வீட்டைப் பற்றி. அப்பா பதில் சொன்னது பிள்ளைகளைப் பற்றி.

முதல் வாரம் அப்பா வாடிப்போய்த்தான் வந்தார். அந்த வகுப்பில் ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர்கள் எழுந்து முதலில் ஒரு நல்லதையும் பிறகு ஒரு குறையையும் சொல்லவேண்டுமாம். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் தப்பைத் திருத்தியே பழகிய மனிதர்களுக்கு இது எவ்வளவு கசந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவுக்குச் சொல்லப்பட்ட குறை ஒன்றே ஒன்று. அவர் கேள்வியும் கேட்டு, பிள்ளை வாயைத் திறப்பதற்குள் பதிலையும் எடுத்துக்கொடுத்துவிடுகிறாராம். கேள்வி கேட்டபின் பத்து எண்ணுகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று அந்த இளம் சாமியார் சொல்லியிருந்தார்.

வேறு யாராவதாக இருந்தால் சின்னப் பையன் எனக்குச் சொல்லித்தர வந்துவிட்டானா என்று முறைத்திருப்பார்கள். அப்பா அதை ஒரு நோன்பு போல எடுத்துக்கொண்டார். ஜிப்பாப் பைக்குள் கையைவிட்டு, செபமாலையில் பத்து மணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகினார். முதலில் மாட்டிக்கொண்டது அம்மாதான்.

"இன்னிக்கு இன்னா கொழம்பு வைக்கலாம்?" என்று கேட்டுவிட்டு அப்பா அசையாமல் நின்றார். அம்மா பார்த்தாள். அப்பாவின் கை பைக்குள் மணிகளைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"வைக்கப்போறது நானு. என்னிய எதுக்கு இப்டி மொறச்சிப் பாக்குறீங்க?" என்றாள் அம்மா. ஆனால் அன்றைக்கு அவள் தனக்குப் பிடித்த மொச்சைக்கொட்டைக் கருவாட்டுக் குழம்பை வைத்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அப்படி ஒரு கேள்வி அவளிடம் வந்ததே இல்லையாம்.

இனி என்னுடைய கெட்டிக்காரத்தனத்துக்கு வருகிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது, வீட்டுக்கு மூத்த பெண். அப்பா நடத்திக்காட்ட வேண்டிய பாடம், சேசுநாதர் சொன்ன அந்த வழிப்போக்கன் கதை. கள்ளர்கள் அடித்துப்போட்ட ஒருவனைக் கோயில் குரு பார்த்தும் பாராததுபோல் விலகிப்போகிறார், கோயில் ஊழியனும் விலகிப்போகிறான், யாரும் மதிக்காத அந்நியன் ஒருவன்தான் தூக்கிவிடுகிறான். பாடத்துக்கு அப்பா ஒரு நோட்டு போட்டிருந்தார். இடது பக்கம் கேட்கவேண்டிய கேள்விகள். வலது பக்கம், 'பிள்ளைகள் தம் சொந்த வார்த்தையில் சொல்லக்கூடியவை' என்று தலைப்புப் போட்டு, அழகான கையெழுத்தில் பதில்கள். அப்படித்தான் எழுதிக்கொண்டு வரச்சொல்லியிருந்தார்கள்.

அதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. அப்பா இல்லாத நேரத்தில் நோட்டை எடுத்துக்கொண்டுபோய், ஞானோபதேசத்துப் பிள்ளைகளைக் கிணற்றடியில் கூட்டி, அவரவர் சொந்த வார்த்தையை அவரவருக்குப் பங்கிட்டு மனப்பாடம் செய்யவைத்தேன். சொந்தமாக யோசிப்பதுபோல் தெரியவேண்டும் என்பதற்காக, பதில் சொல்லுமுன் கொஞ்சம் மேலே கூரையைப் பார்க்கவேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தேன். நாலே நாளில் எல்லோரும் கரைத்துக் குடித்துவிட்டார்கள். அப்பா வளர்த்த பிள்ளைகள் ஆயிற்றே.

அந்த நாளும் வந்தது. இருபது பிள்ளைகள் வெள்ளைச் சட்டையும் கவுனுமாகக் கால்வாயைத் தாண்டி நடந்துபோனோம். பெஞ்சுகளில் எங்களை உட்காரவைத்தார்கள். பின்னால் சுவரோரமாக உபதேசியார்களும் அந்த இளம் சாமியாரும். எங்கள் கோயில் வாசலைப் பெருக்குகிறவளின் மகள் ஆரோக்கியமும் வந்திருந்தாள். கோயிலுக்குப் பின்னாலிருந்த சேரிப் பெண். கடைசி பெஞ்சின் ஓரத்தில், ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

அப்பா கதையைச் சொன்னார். எத்தனையோ தடவை கேட்ட கதைதான். அன்றைக்கு அந்த வழியில் நானும் விழுந்து கிடப்பதுபோல் இருந்தது. பிறகு முதல் கேள்வியைக் கேட்டார். பையன் ஒருவன் எழுந்து, கூரையைப் பார்த்து, பதில் சொன்னான். சுவரோரத்தில் தலைகள் ஆடின. இரண்டாவது கேள்விக்கு ஒருத்தி எழுந்தாள், கூரையைப் பார்த்தாள், சொன்னாள். இளம் சாமியார் சிரித்தபடி எதையோ குறித்துக்கொண்டார். மூன்றாவது பையன் கூரையைப் பார்த்தபோது அப்பாவின் முகம் மாறியது. உலகத்திலேயே கூர்மையான அந்தக் காதில் அவருடைய வாக்கியங்களே, அவர் கமா போட்ட இடத்திலெல்லாம் நின்று நின்று, திரும்பி வந்துகொண்டிருந்தன.

அப்படியே விட்டிருந்தால் தேறியிருப்பார். இன்னும் நாலு கேள்வி, நாலு பதில், வீடு எங்களுடையது. அப்பா நோட்டை மூடி மேசைமேல் வைத்தார்.

"சாமி, மன்னிக்கணும். இதெல்லாம் நான் எழுதுன பதிலு. என் வூட்ல யாரோ சொல்லிக்குடுத்துருக்காங்க. புள்ளைங்க மேல தப்பில்ல. மொதல்லேருந்து கேக்குறேன்," என்றார்.

நான் அவருக்காக இவ்வளவு செய்தும், ஊரைக் கூட்டிவைத்து என்னைக் காட்டிக்கொடுக்கிறாரே என்று அழுகை முட்டியது. அப்பா நோட்டில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார். அந்தக் கோயில் குரு ஏன் விலகிப்போனார்?

யாரும் வாய் திறக்கவில்லை. அதற்கு எங்களிடம் சொந்த வார்த்தை இல்லை. அப்பாவின் கை ஜிப்பாப் பைக்குள் போயிற்று. பத்து மணிகள் தள்ளுகிற நேரம் ஆகியிருக்கும். இன்னொரு பத்து மணிகள் ஆகியிருக்கும். வாயைத் திறக்காமல் ஒரு நொடி நிற்கத் தெரியாத என் அப்பா, தன் வேலையும் வீடும் போகிற வேளையில், அப்படி நின்றார்.

கடைசி பெஞ்சில் ஆரோக்கியம் எழுந்தாள். ஞானோபதேசத்தில் அவள் ஒருநாளும் வாய் திறந்து நாங்கள் பார்த்ததில்லை.

"தொட்டுடக் கூடாதுன்னு போயிருப்பாரு, ஐயா," என்றாள்.

அப்பா, அப்படி ஏன் நினைக்கிறாய் என்று மெதுவாகக் கேட்டார். மறுபடியும் காத்திருந்தார்.

"எங்கம்மா வாச பெருக்கும்போது எல்லாரும் அப்டித்தான் சுத்திப் போவாங்க. கோயிலுக்குத்தான் போவாங்க."

அவள் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அந்த அறையில் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. குறை சொல்லும் முறை வந்தபோது யாரும் எழவில்லை. விழுப்புரம் பக்கத்துக் கிழவர் ஒருவர் மட்டும் எழுந்து, தான் முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னதாகவும், ஒரு பிள்ளை தனக்குப் பாடம் சொல்ல இடம் கொடுத்ததில்லை என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்பா தேறிவிட்டார் என்று இளம் சாமியார் சொன்னார். அதைச் சொல்லும்போது எழுந்து நின்று சொன்னார்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் எனக்கு அடி விழும் என்று காத்துக்கொண்டே நடந்தேன். நோட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கால்வாய்ப் பாலத்தில் நின்றார்.

"எல்லாருக்கும் சொல்லிக்குடுத்தியே, ஆரோக்கியத்த ஏன் வுட்டுட்ட?"

கை பைக்குள் இருந்தது. நான் வண்டிகளைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்த்தேன். அவர் நகர்கிற வழியாக இல்லை.

"பாயில ஒக்காருறவங்களுக்குத்தானேப்பா சொல்லிக்குடுத்தேன்," என்றேன். இதுகூடத் தெரியாதா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

தாழ்வாரத்தில் ஞாயிறு தோறும் ஒரு நீளமான பந்திப்பாய் விரிப்போம். எங்கள் தெருப் பிள்ளைகளும் கடைக்காரர் பிள்ளைகளும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவந்த சொல்தா வீட்டுப் பிள்ளைகளும் பாயில் உட்காருவோம். சேரிப் பிள்ளைகள் பின்னால் வெறுந்தரையில். யாரும் அப்படிச் சொல்லி உட்காரவைத்ததில்லை. பாய் அவ்வளவுதான் நீளம் என்று நான் நினைத்திருந்தேன். அந்தப் பாயை ஞாயிறு தோறும் தன் கையால் விரித்தவர் என் அப்பா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாழ்வாரத்தில் பாய் இல்லை. அப்பா அதைச் சுருட்டி மணிக்கூண்டு அறையில் போட்டுப் பூட்டிவிட்டார். எல்லோரும் தரையில்தான். வந்த வரிசையில் உட்காருங்கள் என்றார். அதற்காகப் பிறகு எத்தனை வீடுகள் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தின, யார் யார் பங்குச்சாமியாரிடம் போய்ப் புகார் சொன்னார்கள், வீடு மறுபடியும் கைநழுவப் பார்த்தது எப்படி என்பதெல்லாம் வெகுகாலம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தேறிய காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு அவர் சும்மா இருந்திருக்கலாம். என் அப்பாவுக்கு அது தெரியவில்லை. அந்த ஒரு மாத வகுப்பில் மற்றவர்கள் படித்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகப் படித்துவிட்டார்.

அன்று எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் ஆரோக்கியம். நான் புதுக் கவுனை இழுத்து என் பக்கமாகச் சேர்த்துக்கொண்டேன். தரை அழுக்கு, அதனால்தான் இழுத்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

நிமிர்ந்தபோது அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. கை மட்டும் ஜிப்பாப் பைக்குள் இருந்தது. பாடத்தை ஆரம்பிக்காமல் இவர் எதற்காக நிற்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவே இல்லை.